தண்ணி கலக்குற அக்கா

இல்லாத தேத்தண்ணியைக் குடித்துக் காட்டுங்கள் என்றார் மாஸ்டர். நாங்கள் பதினோரு பேரும் குடித்தோம். அந்த அக்கா மட்டும் முதலில் கிளாஸைக் கழுவினார்.

பீடோங்கில் ஒரு கடைவரிசையின் மேல்மாடி அது. உள்ளூர்ச் சங்கம் ஒன்று ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அங்கே நாடக வகுப்பு நடத்தியது. மூன்று மின்விசிறிகளில் ஒன்றுதான் சுற்றும். நான் சத்தமாக உறிஞ்சிக் குடித்து, கண்ணை மூடி, "ஆஹா, என்ன ருசி!" என்று சொல்லிவிட்டுக் கைத்தட்டலுக்காக நின்றேன். ஒருவரும் தட்டவில்லை. எல்லோருடைய பார்வையும் மூலையில் நின்ற அக்காவின் மேல் இருந்தது. அவர் இல்லாத கிளாஸில் இல்லாத சுடுநீரை ஊற்றி, ஒரு சுழற்றுச் சுழற்றி, கீழே இருந்த இல்லாத வாளியில் கொட்டினார். கரண்டியில் பாலை எடுத்தார். டின்பால் கெட்டியானது, சட்டென்று விழாது. அது முழுக்க விழுந்து முடியும்வரை கரண்டியைச் சாய்த்துப் பிடித்தபடி காத்திருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. விடியலிலிருந்து நின்ற கால்கள் வலிக்கின்றன என்பது மட்டும், உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றியதில் தெரிந்தது.

"அக்கா, எனக்கு ஒரு தே, கொராங் மானிஸ்லா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கிண்டலாகக் கத்தினார். சர்க்கரை குறைத்துக் கேட்கிறாராம்.

"இருங்க தம்பி, கையில இருக்கிறது முடியட்டும்," என்றார் அக்கா, திரும்பிப் பார்க்காமலே.

கிண்டல் செய்தவர் வாயை மூடிக்கொண்டார். மாஸ்டர் 'போதும்' என்று சொல்ல மறந்து நின்றார். எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. பதினைந்து வருடமாகக் கோயில் திருவிழா மேடைகளில் வில்லனாக நடித்தவன் நான். நான் குருணில் கர்ஜித்தால் பீடோங்கில் குழந்தைகள் அழும் என்று பேர் வாங்கியவன். என்னை விட்டுவிட்டு, கடையில் தேத்தண்ணி கலக்குகிற ஒருவரைப் போய் எல்லோரும் பார்ப்பதா?

இந்த அக்காவைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை என்றுதான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். என் அப்பாவின் கண்பார்வை போன கதை இவரோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. ஒன்றை விட்டுவிட்டு மற்றதைச் சொல்ல முடியவில்லை. பெயரை எழுதப் போவதில்லை. யாருடைய பெயரையும் யாரிடமும் சொல்லாதவர் அவர், தன் பெயர் அச்சில் வருவதை விரும்பியிருக்க மாட்டார்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒட்டுக்கடையில் அவருக்கு வேலை. ரொட்டி சுடுவது வேறு ஆள். தேத்தண்ணி, கோப்பி, மைலோ என்று 'தண்ணி' கலக்குகிற சங்கதி எல்லாம் இவர் கை. ஐம்பதைத் தாண்டியவர். ஏதோ தொழிற்சாலையின் பழைய கழுத்துப்பட்டைச் சட்டையை எப்போதும் போட்டிருப்பார். தோளில் ஒரு துணி. கணவர் இறந்து நாளாகியிருந்தது, பிள்ளைகள் இல்லை, குருணில் ஒரு தங்கை. இவ்வளவுதான் ஊருக்குத் தெரியும். ஊரைப் பற்றியோ அவருக்கு எல்லாம் தெரியும். காலையில் அந்தக் கடை முன்னால் உட்கார்ந்தவர்கள் தங்கள் வீட்டுச் சண்டை, நோய், ஏமாற்றம் எல்லாவற்றையும் அவரிடம் இறக்கி வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள். அண்ணன் தம்பி இருவர் வீட்டுக்காக அடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். அண்ணன் ஏழு மணிக்கு வருவார், தம்பி எட்டு மணிக்கு. "அவன் என்னைப் பத்தி என்ன சொன்னான்?" என்று இருவருமே அக்காவைக் கேட்பார்கள்.

"நான் தண்ணி கலக்குறவ. எனக்கு என்ன தெரியும்?" என்பார்.

எதற்கும் அவரிடம் இருந்த ஒரே பதில் அதுதான். ஒருமுறை கடையில் சுடுநீர் பாய்லரை யாரோ தண்ணீரில்லாமல் காயவைத்துக் கெடுத்துவிட்டார்கள். யார் என்று அக்காவுக்குத் தெரியும். முதலாளி கேட்டார், அதட்டினார், வந்திருந்தவர்கள் முன்னால் கண்டபடி ஏசினார். அக்கா துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பழி அவர் மேலேயே விழுந்தது. "சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே அக்கா?" என்று நான் கேட்டேன். "சொல்ல மாட்டேன்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன் தம்பி," என்றார். அவ்வளவுதான் விளக்கம். எனக்கு அது அசட்டுத்தனமாகத் தெரிந்தது.

வகுப்புக்கும் அவர் சேர வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை அடைத்ததும் பிளாஸ்டிக் பையில் கட்டிய தேத்தண்ணிப் பொட்டலங்களை எங்களுக்குக் கொடுக்க வருவார். கொடுத்துவிட்டு வாசலில் நின்று பார்ப்பார். மூன்று வாரம் அப்படியே நின்றார். மாஸ்டர் இருபத்தாறு வயதுப் பையன்தான், கோலாலம்பூரில் நாடகம் படித்துவிட்டு வந்தவர். உள்ளே வாருங்கள் என்றார்.

"நான் தண்ணி கலக்குறவ மாஸ்டர் தம்பி. நாடகமெல்லாம் எனக்கு வராது."

"அப்ப தண்ணியே கலக்குங்க அக்கா," என்றார் மாஸ்டர். அப்படித்தான் அந்த இல்லாத தேத்தண்ணி வந்தது.

மாஸ்டரின் வகுப்பு எனக்குப் பெரிய சோதனையாக இருந்தது. நாற்காலியில் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள் என்பார். சும்மா என்றால் சும்மா. நான் மீசையைத் தடவுவேன், பெருமூச்சு விடுவேன், தூரத்தில் யாரோ வருவதுபோல் எட்டிப் பார்ப்பேன். "அண்ணே, யாரும் வரல. உக்காருங்க," என்பார். கோபமாக நடிக்கச் சொன்னால் நான் தரையை உதைப்பேன். "அண்ணே, நீங்க கோவத்தக் காட்டுறீங்க. நிஜமா கோவம் வந்தவன் அத மறைக்கத்தான் பாப்பான். காட்டாதீங்க, செய்யுங்க." என்னுடைய பதினைந்து வருடத்தையும் ஒரே வாக்கியத்தில் குப்பையில் போட்டுவிட்டார். அக்காவுக்கோ அதெல்லாம் கஷ்டமாகவே இல்லை. சும்மா உட்காரச் சொன்னால் சும்மா உட்கார்ந்தார். நாள் முழுக்க நிற்பவருக்கு அது ஓய்வு.

அவர் தோற்றது ஒரே ஒரு பயிற்சியில்தான். மாஸ்டர் ஆளுக்கொரு சீட்டில் ஒரு ரகசியத்தை எழுதிக் கொடுத்தார். இருவர் இருவராக உட்கார வேண்டும். ரகசியம் வைத்திருப்பவர் வாய் திறந்து அதைச் சொல்லக்கூடாது, ஆனால் எதிரில் இருப்பவருக்கு அது தெரிந்துவிட வேண்டும். எனக்கு எதிரில் அக்கா. நான் கெஞ்சினேன், மிரட்டினேன், சிரிக்க வைத்துப் பார்த்தேன். பத்து நிமிடம் ஆயிற்று. சுவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, ஏதாவது ஒண்ணு தெரியணுமே," என்றார் மாஸ்டர்.

"சொல்லக்கூடாதுன்னு எழுதியிருக்கே தம்பி."

"வாயால சொல்லக்கூடாது. நீங்க செய்யுறதுல தெரியலாம். கையில, நடையில, உக்காருறதுல."

அக்கா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, வகுப்பில் வேறு எதற்கும் கேள்வியே கேட்காதவர், கேட்டார்: "வாயால சொல்லாம செஞ்சு காட்டினா, அது சொன்ன மாதிரி ஆகாதா?"

"ஆகாதுக்கா."

"நிச்சயமா?"

"நிச்சயமா. நீங்க சொல்லலையே. பாக்குறவங்களா தெரிஞ்சிக்கிறாங்க."

அக்கா தலையாட்டினார். அந்த வாரம் முழுக்க நான் அக்கா தோற்ற கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். வீட்டுக்குப் போய் அப்பாவிடமும் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. "அது நல்ல பிள்ள," என்று மட்டும் சொன்னார்.

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர் மரம் சீவியவர், பிறகு ஒரு தொழிற்சாலை வாசலில் ஜாகாவாகக் காவல் வேலை பார்த்து ஓய்ந்தவர். அம்மா போன பிறகு பீடோங்கை ஒட்டிய தாமான் குடியிருப்பில் நாங்கள் இருவர்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குருணில் தொழிற்சாலை வேலை, ஆறு மணிக்கே கிளம்பிவிடுவேன். அப்பா எட்டு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அக்கா கடைக்குப் போவார். தேத்தண்ணி, பேப்பர், நான்கு பேரோடு பேச்சு. பத்து மணிக்குத் திரும்புவார். அவருடைய நாளில் மிச்சம் இருந்தது அந்த இரண்டு மணி நேரம்தான். வீட்டில் சில மாதங்களாகக் கிளாஸ்கள் உடைந்துகொண்டிருந்தன. கதவுநிலையில் இடித்துத் தோள் கன்றிப் போயிருந்தது. வயசாகிவிட்டது, கை நடுங்குகிறது என்று நானே காரணம் சொல்லி நானே ஒத்துக்கொண்டேன்.

அடுத்த பயிற்சிக்கு மாஸ்டர் ஒரு வாரம் கொடுத்தார். தெரிந்த ஒருவரை ஏழு நாள் கவனித்து, அவரை இங்கே கொண்டுவர வேண்டும். பேச்சு கூடாது. குரலைக் காப்பியடிக்கக் கூடாது. அவர் எப்படி உட்காருகிறார், எப்படி எழுந்திருக்கிறார், அதுமட்டும்.

நான் எங்கள் கோயில் தலைவரைக் கொண்டுவந்தேன். மாலை விழுவதற்கு முன்பே கழுத்தை நீட்டுவார். நல்ல சிரிப்பு கிடைத்தது. எனக்கு அடுத்து அக்கா.

ஒரு மோட்டாரை நிறுத்துவதாக ஆரம்பித்தார். ஸ்டாண்டைக் காலால் தேடினார், கிடைக்கவில்லை, மீண்டும் தேடினார். தோளில் துண்டை இழுத்துவிட்டு ஒரு செருமல். முதல் சிரிப்பு அங்கே எழுந்தது, எல்லோருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. நானும்தான் சிரித்தேன். என் அப்பாவே வந்து நிற்பதுபோல் இருந்தது. அக்கா நடந்தார். சுவரோரமாக, விரல்களின் பின்பக்கம் சுவரில் உரசியபடி. நாற்காலியை உட்காருவதற்கு முன் முழங்காலால் தொட்டுப் பார்த்தார். கிளாஸ் பக்கத்திலேயே இருந்தும் அவர் அதைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பிலிருந்து விரல்கள் மெதுவாக, ஊர்ந்து ஊர்ந்து போய், சூட்டை உணர்ந்ததும் நின்றன. இரண்டு கையாலும் எடுத்தார். பேப்பரை விரித்தார். விரித்தபடியே இருந்தார். யாரோ பக்கவாட்டிலிருந்து கூப்பிட்டதுபோல் திடுக்கிட்டு, ஆள் இல்லாத பக்கம் திரும்பிச் சிரித்து, அவசரமாகப் பேப்பரில் ஒரு பக்கத்தைத் திருப்பினார். படித்துக்கொண்டிருந்ததுபோல.

அதற்குள் சிரிப்பு நின்று போயிருந்தது. அக்கா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அப்பாவாக இருப்பதை நிறுத்திவிட்டு, நேராக என்னைப் பார்த்தார். வேறு யாரையும் பார்க்கவில்லை.

நான் எழுந்தேன். அந்தக் கோபத்தை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

"எங்கப்பாவ வச்சுக் கேலி பண்றீங்களா? நாலு பேரு சிரிக்கிறதுக்கு எங்கப்பாதான் கெடச்சாரா உங்களுக்கு?"

"கேலி இல்ல தம்பி."

"அப்புறம் என்ன? எங்கப்பாவுக்குக் கண்ணு தெரியலைன்னு சொல்றீங்களா?"

அக்கா தோளில் இருந்த துணியைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கினார். "நான் ஒண்ணும் சொல்லல தம்பி," என்றார் கடைசியில்.

"சொல்லாதீங்க. செய்யவும் செய்யாதீங்க. தண்ணி கலக்குற வேலைய மட்டும் பாருங்க."

மாஸ்டர் குறுக்கே வந்தார். அக்கா இருந்தால் நான் வரமாட்டேன் என்று அவரிடம் சொன்னேன். அந்த வருடம் போட்டிக்குப் போகவிருந்த நாடகத்தில் நான்தான் முக்கியமான ஆள், அவருக்கு வேறு வழியில்லை. ஆனால் மாஸ்டர் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்கா ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். இறங்கும்போது ஒருமுறை நின்றார், நான் கூப்பிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. அதற்குப் பிறகு வகுப்புக்கு அவர் வரவில்லை. பொட்டலத் தேத்தண்ணியும் வரவில்லை.

அன்று மாலை அப்பா கூடத்தில் பேப்பரும் கையுமாக இருந்தார். நான் எதிரில் உட்கார்ந்தேன். "என்னப்பா போட்டிருக்கான்?" என்றேன். "அதே அரசியல்தான்லா," என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. ஒரு வரி படித்துக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. எழுந்து போய் வசனம் மனப்பாடம் செய்தேன்.

ஐந்து மாதம் கழித்து அப்பா மோட்டாரோடு சாலையோரச் சாக்கடையில் விழுந்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பரிசோதித்த டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டுப் பெரிய டாக்டரைக் கூப்பிட்டார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறது. பக்கப் பார்வை முதலில் போகும், நடுவில் மட்டும் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் கொஞ்சம் மிஞ்சும், பிறகு அதுவும் போய்விடும். போனது திரும்பாது. மிஞ்சியிருப்பதை மட்டும் மருந்து விட்டுக் காப்பாற்றலாம். அப்பாவுக்கு மிஞ்சியிருந்த துளியும் மருந்துக்கு நிற்காமல், சில வாரங்களில் வெளிச்சமா இருட்டா என்று சொல்கிற அளவுக்குப் போய்விட்டது. "ஒரு நாலஞ்சு மாசம் முன்னாடி வந்திருந்தா நடமாடுற அளவுக்காவது பிடிச்சு வச்சிருக்கலாம்," என்றார் டாக்டர். அவர் யதார்த்தமாகத்தான் சொன்னார். நான் கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன்.

அக்கா சரியாகத்தான் பார்த்திருக்கிறார் என்று அன்றே தெரிந்துவிட்டது. போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் தெரிந்தது. நாளைக்கு, தீபாவளி கழியட்டும், அப்பாவின் அடுத்த சிகிச்சை முடியட்டும் என்று தள்ளினேன். வெட்கம், வேறொன்றுமில்லை. இதற்குள் அவருக்குச் சர்க்கரை வியாதியில் கால் வீங்கி, நிற்க முடியாமல் வேலையை விட்டுவிட்டுத் தங்கை வீட்டோடு போய்விட்டார். அப்பா கடைக்குப் போவதும் நின்றது.

ஒரே ஒருமுறை பார்த்தேன். பீடோங் காலைப் பாசாரில், மீன்காரர்கள் பக்கம். அப்பா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எதிரில் அக்கா, ஒரு கைத்தடியோடு. மெலிந்து போயிருந்தார். எங்கள் இருவரையும் பார்த்தார், அப்பாவின் கை என் முழங்கையில் இருப்பதைப் பார்த்தார். அவர் முகம் அப்படியே சுருங்கியது. வழி குறுகல், தரையெல்லாம் ஈரம். அவர் தன் வலிக்கிற காலை இழுத்து ஒதுங்கி, கீழே கிடந்த மீன் கூடையையும் தடியால் தள்ளி, அப்பாவுக்கு வழிவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு கடந்தேன்.

"யாருப்பா அது? யாரோ ஒதுங்குனாங்களே," என்றார் அப்பா.

"யாரும் இல்லப்பா," என்றேன்.

அக்கா ஒரு கை தூரத்தில்தான் நின்றார். கேட்டிருக்கும்.

அடுத்த வருடம் அக்கா இறந்த செய்தி வந்தது. அப்பா போயே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். குருணில் தங்கை வீட்டு வாசலில் கொட்டகை போட்டுச் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். அப்பாவை அருகில் கொண்டுபோய் நிறுத்தினேன். பெட்டியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார். தங்கை வந்து, "நீங்க யாருங்க ஐயா?" என்றார்.

"அவ கையால தண்ணி குடிச்சவன்," என்றார் அப்பா.

திரும்பும்போது நான் காடியை ஓட்டினேன், அப்பா பக்கத்து இருக்கையில். கொஞ்ச தூரம் போனதும் தானாகவே பேச ஆரம்பித்தார்.

"உனக்குத் தெரியாது. எனக்குக் கண்ணு மங்குறத மொதல்ல கண்டுபிடிச்சது அவதான். நான் யாருகிட்டயும் சொல்லல. கிளாஸ எங்க வச்சாலும் நான் தடவுறதப் பாத்துட்டா. அப்புறம் தெனமும் ஒரே எடத்துல வைப்பா, வைக்கும்போது மேசையில ஒரு தட்டுத் தட்டுவா. 'மகன்கிட்ட சொல்லுங்க ஐயா, சொல்லுங்க ஐயா'ன்னு ஒரே பிடுங்கல். நான் மாட்டேன்னுட்டேன். நீ மோட்டார் சாவியப் பிடுங்கிருவ. அந்தக் கடையும் இல்லைன்னா நான் வீட்டுல செவுத்தப் பாத்துக்கிட்டு என்னப்பா செய்வேன்? அவளும் சொல்லக்கூடாதுன்னு முனீஸ்வரர் மேல சத்தியம் வாங்கிட்டேன். வாயத் தெறந்து எம் மகன்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதுன்னு."

வாயால சொல்லாம செஞ்சு காட்டினா அது சொன்ன மாதிரி ஆகாதா என்று அந்த மாடியில் அவர் கேட்டது எதற்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சாமி மேல் செய்த சத்தியத்தையும் உடைக்காமல், என் அப்பாவையும் கைவிடாமல் இருக்க ஒரு வழி தேடியிருக்கிறார். ஏழு நாள் என் அப்பாவை உற்றுப் பார்த்து, கூச்சத்தையெல்லாம் விட்டு, பன்னிரண்டு பேர் முன்னால் நின்று எனக்காகச் செய்திருக்கிறார். கேலியா என்று நான் கேட்டபோது, இல்லை என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச அவருக்கு அனுமதி இல்லை.

"கடைசி வரைக்கும் சொல்லல பாத்தியா," என்றார் அப்பா. அவர் குரல் மாறியது. "எனக்கு அவ மேல கோவம்தான்பா. செத்தவளச் சொல்லக்கூடாது. ஆனா கோவம்தான். சத்தியமாவது மண்ணாவது? நான் கெழவன், பயத்துல கேட்டேன். அவளுக்காவது புத்தி வேணாம்? உங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீ அன்னிக்கே என்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்ப. இன்னிக்குப் பெட்டியில அவ மொகத்தையாவது நான் பாத்திருப்பேன்."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். மறுத்துப் பேச அக்கா இனி வரப்போவதில்லை. அப்பாவின் வருத்தம் அவர் மேலேயே இருந்துவிட்டால், மிச்ச நாளும் நான் நல்ல மகனாகவே காலம் தள்ளியிருக்கலாம். பாய்லர் கெட்ட பழியைச் சுமந்ததுபோல் இதையும் அவர் சுமந்துகொண்டு போயிருப்பார்.

காடியைச் சாலையோரத்தில் நிறுத்தினேன்.

"சொன்னாங்கப்பா," என்றேன்.

அப்பா என் பக்கம் திரும்பினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மாடி, பயிற்சி, ஸ்டாண்டைத் தேடிய கால், சுவரில் உரசிய விரல், பேப்பர். நான் எழுந்து கத்தியது. அவர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு படியில் நின்றது. பாசாரில் வழிவிட்டது யார் என்பதையும் சொன்னேன். லாரிகள் கடந்துபோகும்போதெல்லாம் காடி ஆடியது.

"எத்தன பேரு பாத்தாங்க?" என்றார் கடைசியில்.

"பன்னெண்டு பேருப்பா."

"அது நான்தான்னு எல்லாருக்கும் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"எனக்குக் கண்ணு தெரியலங்கிறதும்?"

"எல்லாருக்கும் தெரிஞ்சுதுப்பா."

அப்பா மடியில் இருந்த தன் கைகளைத் தடவினார்.

"உனக்கு?"

தெரியவில்லை என்று அதுவரை என்னிடம் நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கோபத்தில் கவனிக்கவில்லை என்று டாக்டர் முன்னால் நின்றபோதும் சொல்லிக்கொண்டேன்.

"எனக்கும் தெரிஞ்சுதுப்பா," என்றேன்.